நூற்று முப்பது டிகிரியில் ஒரு கணவன்

தீயணைப்பு சிலிண்டரைத் தலைக்கு மேல் தூக்கி, இரும்புக் கதவின் நடுவிலிருந்த கண்ணாடிச் சதுரத்தில் ஓங்கி இடித்தாள் கெமிஸ்ட்.

முதல் இடிக்கு விரிசல். இரண்டாவது இடிக்குக் கண்ணாடி உதிர்ந்தது. உள்ளே பதித்திருந்த கம்பிவலை மட்டும் பிடிவாதமாக நின்றது. மூன்றாவது இடிக்கு அதுவும் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. கிடைத்த ஓட்டையில் வலது கையை முழங்கை வரை விட்டுத் தாழ்ப்பாளைத் துழாவினாள். கம்பி முனைகள் தோலைக் கிழித்தன. விரல் நுனி தாழ்ப்பாளைத் தொட்டது.

தொட்ட விநாடியே உள்ளேயிருந்து ஒரு ஸ்பேனர் இறங்கியது.

காய்ந்த குச்சி முறிகிற மாதிரி ஒரு சத்தம். கையை வெளியே இழுத்துக்கொண்டு சுவரோடு சரிந்தாள். மணிக்கட்டுக்குக் கீழே கை, வேறு யாருடையதோ போல ஒரு பக்கமாகத் தொங்கியது.

"மன்னிச்சுக்கோங்க மேடம்," என்றது உள்ளேயிருந்த குரல். "கையை விடாதீங்கன்னு முன்னாடியே சொன்னேன்ல?"

ஃபிட்டரின் குரல். அந்தத் தொழிற்சாலையின் குழாய்கள் அத்தனையையும் பத்து வருஷமாக மாட்டியவன், கழற்றியவன். அவனுக்குப் பின்னால் ஆள் உயர எஃகுக் கலம் ஒன்று உறுமிக்கொண்டிருந்தது. அதன் காலோடு சங்கிலியால் கட்டப்பட்டுத் தரையில் உட்கார்ந்திருந்தவர் தொழிற்சாலையின் மேனேஜர். கெமிஸ்டின் கணவர். அவருடைய இடது முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இல்லை. உதடு கிழிந்து சட்டைக் காலர் வரை சிவப்பு.

கலத்தின் நெற்றியில் வெப்பமானியின் எண்கள் எரிந்தன. 98.

காலை பதினொன்று பத்து.

அந்த அறைக்கு வெளியே இருந்த பலகையில் 'கரைப்பான் மீட்பு' என்று எழுதியிருந்தது. ஆட்கள் வாயில் அது அடுப்பறை. மரக்கூழையும் பழைய பருத்தித் துணியையும் ஒரு திரவ உப்பில் கரைத்துப் பாகாக்கி, ஊசித் துளைகள் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் பிதுக்கினால் நூலாகிவிடும். அதுதான் அங்கே தொழில். அந்த உப்பு சமையல் உப்பு இல்லை. சாதாரணச் சூட்டிலேயே எண்ணெய் மாதிரி ஓடுகிற உப்பு. ஏழு வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டு கெமிஸ்ட் உண்டாக்கியது. தொட்டித் தண்ணீரில் கலந்துபோகும் அந்த உப்பைக் கொட்டிவிட முடியாது. கொதிக்கவைத்துத் தண்ணீரை விரட்டிவிட்டு, திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டும். விரட்டுகிற இடம் இந்த அடுப்பறை. ஆக, உப்பு எவ்வளவு சூட்டை எத்தனை நாள் தாங்கும் என்பதில்தான் எல்லாமே நின்றது. கெமிஸ்டின் அறிக்கை சொன்னது: நூற்று முப்பது டிகிரி, முப்பது நாள், நிறம்கூட மாறாது.

ஆறு மாதத்துக்கு முன் இதே அறையில், அதே உப்பு வெடித்தது. கலத்தை ஓட்டிக்கொண்டிருந்தவன் செத்துப் போனான். வயது இருபத்தாறு. சாப்பிட்டதெல்லாம் எங்கே போகிறதென்று தெரியாத உடம்பு, அதனால் எல்லோருக்கும் அவன் ஒல்லி. ஃபிட்டரின் ஒரே தம்பி.

விசாரணை அறிக்கை ஒரு வரியில் முடிந்தது: நீராவி வால்வை முழுதாக, ஆறு சுற்றும் திறந்துவிட்ட, கலத்தை இயக்கியவரின் கவனக்குறைவு. வால்வுச் சக்கரத்தின் தடம் அவன் இரண்டு உள்ளங்கைகளிலும் வெந்து பதிந்திருந்தது. வேறென்ன சாட்சி வேண்டும்? மேனேஜர் கீழே கையெழுத்துப் போட்டார்.

"என்னைக் கொலைகாரன்னு நினைக்காதீங்க மேடம்," என்றான் ஃபிட்டர். ஓட்டை வழியாக அவன் முகம் தெரிந்தது. இரண்டு நாளாகச் சவரம் செய்யாத முகம். "சும்மா ஒரு சோதனை. உங்க பேப்பர்ல நூத்தி முப்பது தாங்கும்னு போட்டிருக்கு. சரி. அன்னைக்கு மாதிரியே பழைய உப்பை ஊத்தியிருக்கேன். அதுல தண்ணி இல்ல, அதனால ஆவி போற குழாயை அடைச்சாச்சு. நூத்தி முப்பதுல ஒரு மணி நேரம் வைக்கப் போறேன். ஒண்ணும் ஆகலன்னா தப்பு என் தம்பி மேல. சார் காலைப் பிடிச்சு மன்னிப்புக் கேட்டுட்டு, நானே போய் போலீஸ்ல உக்காந்துக்கறேன்."

"வெடிச்சா?"

"நானும் இங்கதானே இருக்கேன்."

கெமிஸ்ட் எழுந்து ஓட்டையில் முகத்தை வைத்தாள். "வேண்டாம். சொல்றதைக் கேளு. இப்பவே சூட்டை அணை. நீ என்ன கேட்டாலும் செய்யறேன்."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரித்தது ஃபிட்டர் இல்லை. மேனேஜர்.

"ஏய், நீ ஏன்மா அவன்கிட்ட கெஞ்சறே?" ரத்தத்தைத் துப்பிவிட்டுப் பேசினார். "ஏத்தட்டும். டேய், நூத்தி முப்பது என்ன, நூத்தி முப்பத்தஞ்சு வை! அது என் பொண்டாட்டி செஞ்ச உப்பு. ஏழு வருஷம் எங்க வீட்ல அதுக்குத்தான் முதல் மரியாதை, எனக்கு ரெண்டாவது. அது வெடிக்கும்னா பயமுறுத்தறே?"

"பாத்தீங்களா?" ஃபிட்டர் தலையைச் சாய்த்தான். "சார் தைரியமா இருக்காரு. நீங்க ஏன் மேடம் நடுங்கறீங்க? உங்க பேப்பர்தானே?"

அவள் பார்வை வெப்பமானிக்குப் போனது.

104.

வராந்தாவில் பூட்ஸ் சத்தம். முதலில் வந்தவர் ஃபோர்மேன். முகத்தில் பாதியை மீசைக்கே எழுதிக் கொடுத்துவிட்ட மனிதர், அதனால் ஊழியர்கள் எல்லோருக்கும் அவர் மீசை. பின்னால் எலக்ட்ரீஷியன், கையில் வயர் வெட்டும் குறடு.

"போலீஸுக்குச் சொல்லியாச்சு, வர அரை மணி ஆகுமாம்," என்று மூச்சு வாங்கினான் எலக்ட்ரீஷியன். "மேடம், நான் போய் மெயினைப் பிடுங்கிடறேன். இப்ப நீராவி இல்லையே, கரண்ட் அடுப்புதானே? கரண்ட் போனா கதை முடிஞ்சுது."

"கலக்கியும் அதே கரண்ட்லதான் சுத்துது!" அவன் சட்டையை இடது கையால் கொத்தாகப் பிடித்தாள். "கலக்கி நின்னா சுவரோரம் இருக்கிற உப்பு மட்டும் தனியா வேகும். அஞ்சு நிமிஷத்துல வெடிக்கும். மெயினைத் தொட்டே, உன்னை நானே கொன்னுடுவேன்."

எலக்ட்ரீஷியன் குறடைப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பாகு சந்து வழியாப் போயிடலாம்மா," என்றார் மீசை. அடுப்பறைக்கு இன்னொரு கதவு உண்டு. பாகுக் குழாய்கள் ஓடுகிற ஒரு குறுகிய சந்தின் கடைசியில், பழைய ஷட்டர் கதவு. "அந்தப் பூட்டு நான் தும்மினாலே விழும்." மூலையில் கிடந்த கடப்பாரையை எடுத்துத் தோளில் போட்டார். "வாடா."

சந்துக்குள் இருபதடி ஓடியிருப்பார்கள்.

சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு கிரீச்சிடும் சத்தம். தலைக்கு மேல் போன தடித்த குழாயின் வடிகால் வாய், ஒருமுறை ஏப்பம் விட்டது. அடுத்த கணம் அதிலிருந்து பாகு கொட்டியது. எண்பத்தைந்து டிகிரிச் சூட்டில், தேன் நிறத்தில், அவசரமே இல்லாமல். எந்தக் குழாய் எந்த வால்வுக்குக் கட்டுப்படும் என்று ஃபிட்டரைவிடத் தெரிந்தவர் யார்?

மீசை நின்றிருக்கலாம். ஓடுகிற வேகத்தில் முடியவில்லை. பாகில் கால் வழுக்கி, கடப்பாரை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக விழுந்தார். ஊன்றிய வலது கை முழங்கைக்கு மேல் வரை பாகுக்குள் போனது. கன்னமும் போனது.

அவர் அலறியதைக் கேட்டு, அந்தக் கட்டடத்தில் இருந்தவர்களெல்லாம் கேட்டுக்கு வெளியே ஓட ஆரம்பித்தார்கள்.

எலக்ட்ரீஷியன் பயந்துபோய்ச் சுவரிலிருந்த தண்ணீர்க் குழாயை உருவினான்.

"தண்ணி விடாதே! முதல்ல வழிச்சு எடு!" என்று கத்தினாள் கெமிஸ்ட். "துணியால வழி!"

பிந்திவிட்டது. தண்ணீர் பீய்ச்சியது. தண்ணீரைப் பார்த்த பாகு என்ன ஆகும் என்பது அங்கே பெருக்குகிறவருக்குக்கூடத் தெரியும்; தினமும் அதைத்தானே நூலாக்குகிறார்கள். கண் எதிரில் மீசையின் கை வெளுத்தது. முழங்கைக்கு மேல் வரை ஒரு வெள்ளை உறை, இறுக்கி, சுருங்கி, கையோடு ஒட்டிக்கொண்டது. அதற்குள்ளே சூடு அப்படியே இருந்தது. தாங்க முடியாமல் மீசை மறு கையால் அதைப் பிடித்து உரித்தார். உறை வந்தது. கூடவே வந்ததும் தெரிந்தது.

எலக்ட்ரீஷியன் திரும்பி நின்று வாந்தி எடுத்தான்.

இருவருமாகச் சேர்ந்து அவரைச் சந்துக்கு வெளியே இழுத்துப் போட்டார்கள். பல் கிட்டிக்கிடந்தது. கண் மட்டும் அவளைத் தேடியது.

"ம்மா... மீசை இருக்கா?"

பாதி இருந்தது. மறு பாதி கன்னத்து வெள்ளைக்குள் போயிருந்தது. "இருக்குண்ணே," என்றாள்.

"அப்ப சரி," என்று கண்ணை மூடினார்.

"இவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போ," என்று எலக்ட்ரீஷியனிடம் சொல்லிவிட்டு, அவன் கீழே போட்டிருந்த தண்ணீர்க் குழாயை இடது கையில் எடுத்தாள். சந்துத் தரை முழுக்கக் கணுக்கால் ஆழத்துக்குப் பாகு நின்றது. குழாயைத் தாழ்த்தி, பூவுக்கு விடுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீரைப் பரப்பினாள். பாகின் மேல் ஆடை கட்டியது. முதலில் பால் மாதிரி, அப்புறம் ரப்பர் மாதிரி. ஒரு காலை வைத்துப் பார்த்தாள். அமுங்கியது. கிழியவில்லை.

ஓடக்கூடாது. அடி மேல் அடி வைத்தாள். தண்ணீரை முன்னால் விட்டு, ஆடை கட்டக் காத்து, அதன் மேல் ஒரு அடி. மறுபடி தண்ணீர். பத்தாவது அடியில் ஆடை பொத்துக்கொண்டது. இடது கால் கணுக்கால் வரை இறங்கியது. ஷூவுக்குள் நெருப்பை ஊற்றின மாதிரி இருந்தது. கத்தாமல் இருக்கத் தன் தோளையே கடித்துக்கொண்டு, ஷூவை அங்கேயே விட்டுவிட்டுக் காலை உருவினாள். ஓரமாகக் கிடந்த மீசையின் கடப்பாரை கைக்கு அகப்பட்டது.

ஷட்டர் பூட்டு தும்மலுக்கு விழவில்லை. மூன்று நெம்பல் கேட்டது.

உள்ளே நுழைந்தபோது வெப்பமானியில் 117.

ஃபிட்டர் முன் கதவைப் பார்த்து நின்றிருந்தான். அவன் திரும்புவதற்குள் கடப்பாரையை இடது கையால் கிடைத்த மட்டும் வீசினாள். தலைக்குக் குறி வைத்தது காதையும் தோளையும் வாங்கியது. காது மடல் தொங்கியது. ஃபிட்டர் ஒரு காலில் மண்டியிட்டான்.

"அடி! இன்னொண்ணு போடு!" என்று கத்தினார் மேனேஜர், கிரிக்கெட் பார்க்கிறவர் மாதிரி.

இன்னொன்று போடக் கடப்பாரை மேலே எழவில்லை. ஒரு கைக்கு அது அதிக எடை. ஃபிட்டர் அதன் நுனியைப் பிடித்து இழுக்க, அவளும் கூடவே போய் அவன் மேல் விழுந்தாள். முறிந்த மணிக்கட்டு அவன் முழங்காலில் பட, ஒரு விநாடி உலகமே வெள்ளையாகிப் போனது. பல்லுக்கு எது கிடைத்ததோ அதைக் கடித்தாள். அவனுடைய முன்கை. அவன் அவள் தலைமுடியைப் பிடித்துத் தலையைத் தரையில் ஒருமுறை, இரண்டுமுறை அடித்தான். மூன்றாவது முறை அடிக்க முடியவில்லை. மேனேஜர் உடைந்த காலை இழுத்துக்கொண்டு, சங்கிலி எட்டுகிற மட்டும் நகர்ந்து அவன் கணுக்காலைப் பிடித்திருந்தார்.

"என் பொண்டாட்டி மேல கையை வைப்பியாடா?"

ஃபிட்டர் ஸ்பேனரால் அந்த விரல்களின் மேல் அடித்தான். அவர் விடவில்லை. மறுபடி அடித்தான். விட்டார்.

அவள் அதற்குள் தவழ்ந்து கண்ட்ரோல் பெட்டிக்குப் போயிருந்தாள். சூட்டை நிறுத்துகிற சிவப்புப் பொத்தானைக் காணோம். அது இருந்த இடத்தில் ஒரு சாவித் துவாரம்.

"புதுசா மாட்டினேன்," என்றான் ஃபிட்டர். தொங்கிய காதை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, மறு கையை விரித்துக் காட்டினான். உள்ளங்கையில் சின்னதாக ஒரு சாவி. "நீங்க வருவீங்கன்னு தெரியும். வந்து பொத்தானை அமுத்திட்டா எனக்கு எப்படித் தெரியும், தப்பு யார் மேலன்னு?"

121.

கலத்தின் பக்கவாட்டில் உள்ளே பார்க்கிற வட்டக் கண்ணாடி. அதில் காலையில் தேன் மாதிரி இருந்திருக்கும் உப்பு, இப்போது கொதித்து வற்றிய டிகாக்ஷன் நிறத்தில் புரண்டுகொண்டிருந்தது. அழுத்தமானி முள் துடித்தது. மூடியின் விளிம்பிலிருந்து ஒரு நாற்றம் கசிந்தது. அழுகிய மீனும் கருகிய முடியும் சேர்ந்த நாற்றம்.

"ஏங்க..." என்றாள். "உப்பு சிதைய ஆரம்பிச்சிருச்சுங்க."

"பழைய உப்பு, கொஞ்சம் நாறத்தான் செய்யும்," என்றார் மேனேஜர். அவர் விரல்கள் இரண்டு பின்பக்கமாக மடங்கியிருந்தன. ஆனாலும் அந்தக் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. "நூத்தி முப்பது, முப்பது நாள். எனக்கு மனப்பாடம். நீ பயப்படாம உக்காரு. ஒரு மணி நேரம்தானே."

அவரையே பார்த்தாள். கல்யாணமான நாள் முதல் அவள் சொன்ன எதையும் அவர் இரண்டாவது தடவை கேட்டதில்லை. கடையில் மீதியை எண்ணாமல் வாங்குகிற மாதிரி, அவள் சொல்வதை வாங்கிக்கொள்வார். அந்த ஒரு பழக்கம்தான் இப்போது அவரைக் கலத்தின் காலோடு சேர்த்துக் கட்டிப்போட்டிருந்தது. சங்கிலி இல்லாவிட்டாலும் உட்கார்ந்திருப்பார்.

123.

"தாங்காது," என்றாள். "முப்பது நாள் தாங்கல."

ஃபிட்டரின் தலை அவள் பக்கம் திரும்பியது.

"இருபத்தி மூணாவது நாள் பாட்டில் கறுத்துப் போச்சு. மூடி தெறிச்சிருச்சு. அதைத் தூக்கிப் போட்டுட்டுப் புது உப்பை ஊத்தி வெச்சேன். முப்பதாவது நாள் சோதிக்க வந்தவங்க பாத்தது அதைத்தான். அறிக்கை பொய்."

மேனேஜர்தான் முதலில் பேசினார். சிரித்தார் என்று சொல்ல வேண்டும்.

"டேய், நம்பாதே. என்னைக் காப்பாத்தறதுக்குச் சொல்றா. இவளுக்குப் பொய் சொல்லவே வராது. வீட்டுக்கு வந்த விருந்தாளிகிட்ட கிளம்புங்கன்னு சொல்லத் தெரியாம விடிய விடிய முழிச்சவ. ஏழு வருஷ உழைப்பை எனக்காகக் குப்பையில போடறா பாரு." அவர் கண் கலங்கியது. "வேண்டாம்மா. உன் பேரைக் கெடுத்துக்காதே. இது தாங்கும்."

"சாரே சொல்றாரு," என்றான் ஃபிட்டர். சாவியைக் கைக்குள் மூடிக்கொண்டான். ஆனால் அவன் பார்வை வட்டக் கண்ணாடிப் பக்கம் போய்விட்டு வந்தது. "புருஷனுக்காக எந்தப் பொம்பளையும் இதைச் சொல்லுவா மேடம். நானா இருந்தாலும் சொல்லுவேன்."

125. உப்பு இப்போது கறுப்பு. மூடியை இறுக்கிய போல்ட் ஒன்று டிங்கென்று முனகியது.

அவள் ஃபிட்டரின் காலடிக்கு நகர்ந்து வந்தாள். நெற்றியிலிருந்து வழிந்த ரத்தம் ஒரு கண்ணை மூடியிருந்தது. மற்ற கண்ணால் அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"உன் தம்பி வால்வைத் திறக்கல."

"என்ன?"

"நான் திறந்தேன்."

மேனேஜர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார்.

"அன்னைக்கு நாலு மணிக்குப் பெரிய கம்பெனிலேர்ந்து பார்வையிட வர்றாங்க. உப்புல இன்னும் தண்ணி இருந்துது. துளி தண்ணி இருந்தாலும் கூழ் கரையாது, கட்டி கட்டியா நிக்கும், மானம் போயிடும். சீக்கிரம் காய வைன்னு சொன்னேன். நூறுக்கு மேல போக வேண்டாம்க்கா, மெதுவாப் போகட்டும்னான். அவனை நகரச் சொல்லிட்டு நானே திறந்தேன்." அவள் நிறுத்தவில்லை; நிறுத்தினால் மறுபடி வராது என்று தெரிந்தவள் மாதிரி பேசினாள். "இருபத்தி மூணு நாள் தாங்கினது ஒரு மணி நேரம் தாங்காதான்னு நினைச்சேன். அது புது உப்பு. இது நூறு தடவை சுத்தி வந்தது, குழாய்த் துரு கலந்தது. துரு இருந்தா நாள் கணக்கு மணிக் கணக்காயிடும். எனக்கு அது தெரிஞ்சிருக்கணும். வேற யாருக்குத் தெரியலன்னாலும் எனக்குத் தெரிஞ்சிருக்கணும். இதைத் தொடாதே, நான் வந்து பாத்துக்கறேன்னு சொல்லிட்டு வெளிய போனேன். கேட்டைத் தாண்டறதுக்குள்ள வெடிச்சுது."

"ஆறு மாசம்," என்றார் மேனேஜர் மெல்ல. அவளிடம் இல்லை, தரையிடம். "ஆறு மாசம் பக்கத்துல படுத்திருந்தியே."

127.

ஃபிட்டர் குனிந்து அவள் முகத்துக்கு நேராக வந்தான். காதிலிருந்து ரத்தம் அவள் தோளில் சொட்டியது. அவன் குரல் ரொம்பச் சின்னதாகிவிட்டது.

"எத்தனை சுத்து?"

"என்னது?"

"வால்வு. எத்தனை சுத்துத் திறந்தீங்க?"

"நாலு."

"பேப்பர்ல ஆறுன்னு இருக்கு."

"பேப்பர்ல என்ன இருந்தா என்ன! நாலு. நாலு சுத்துக்கு நூத்தி முப்பது நிக்கும், எனக்குத் தெரியும். நான் எண்ணித்தான் திறந்தேன். நாலு!"

ஃபிட்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கலத்துக்குள் எதுவோ பெரிய மிருகம் திரும்பிப் படுக்கிற மாதிரி ஒரு அதிர்வு, சங்கிலி நடுங்கியது. இரண்டாவது போல்ட் முனகியது. மேனேஜர் இப்போதுதான், முதல் தடவையாக, சங்கிலியைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"ஐயோ, சாவியைப் போடுடா!" என்று அலறினாள்.

ஃபிட்டர் எழுந்தான். நாலே எட்டில் பெட்டிக்குப் போனான். சாவி துவாரத்தில் நுழைந்து திரும்பியது. அடுப்பு ஓய்ந்தது, கலக்கி ஓடிக்கொண்டே இருந்தது. குளிர்நீர் வால்வைத் தன் முழு எடையையும் போட்டுச் சுழற்றினான். கலத்தின் உறைக்குள் தண்ணீர் சீறிக்கொண்டு பாய்ந்தது. அப்புறம் ஏணியில் ஏறி, ஆவிக் குழாயை அடைத்திருந்த தகட்டின் போல்ட்டைத் தளர்த்தினான். கறுத்த ஆவி கூரையைப் பார்த்துப் பீய்ச்சி அடித்தது. அதில் அவன் புருவம் பொசுங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுத்த போல்ட்டைத் தளர்த்தினான்.

128. 128. 128.

127.

தூரத்தில் சைரன். 119 ஆனபோது ஃபிட்டர் ஏணியிலிருந்து இறங்கி, மேனேஜரின் சங்கிலியை அவிழ்த்தான். அவர் எழ முயலவில்லை. மனைவியைப் பார்க்கவும் இல்லை. அவள் கை அவர் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றுவிட்டது.

ஃபிட்டர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். ஸ்பேனரைத் தனக்கு எட்டாத தூரத்துக்குத் தள்ளிவிட்டான். கதவுக்கு வெளியே ஆட்கள் ஓடி வருகிற சத்தம் கேட்டது.

"ஏன் நம்பினே?" என்றாள் கெமிஸ்ட். "பேப்பர்ல ஆறு. நான் நாலுன்னேன். அப்படியும் ஏன் நிறுத்தினே?"

அவன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெடிச்ச மறுநாள் அந்த வால்வைக் கழட்டினது நான்தான் மேடம். நான் யார்கிட்டயும் சொல்லல. செத்தவனோட அண்ணன் சொன்னா யார் நம்புவா? அது ஆறும் திறந்திருக்கல. நாலும் திறந்திருக்கல. ஒன்றரைச் சுத்துதான் திறந்திருந்தது. ஒன்றரைக்கு எப்படி வெடிக்கும்னு ஆறு மாசமா மண்டையை உடைச்சுக்கிட்டேன். பொய்யா இருந்தா பேப்பர்ல இருக்கிற ஆறைத்தானே சொல்லியிருப்பீங்க? இப்பதான் தெரியுது. நீங்க நாலு திறந்துட்டு வெளிய போயிட்டீங்க. அவன் ஓடிப் போகாம உள்ளேயே நின்னு, கை வெந்துக்கிட்டே, ரெண்டரைச் சுத்தை மூடியிருக்கான்."